காலிக் கட்டிலுக்கு எட்டு நாள் ஜெபம்

மூடின கதவுக்கு முன்னால் ஆறு பேர் முழங்காலில் நிற்கிறோம். கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில். கட்டிலில் பாய், தலையணை, போர்வை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆள் மட்டும் இல்லை. ஆள் இல்லை என்பது அந்த ஆறு பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

"இந்தக் கதவுக்குப் பின்னால் களைத்துக் கிடக்கிற உமது அடியானை நோக்கிப் பாரும் ஆண்டவரே" என்று எங்கள் ஐயர் தாழ்ந்த குரலில் வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஆண்டவர் நோக்கிப் பார்த்திருந்தால் தலையணையைத்தான் பார்த்திருப்பார். நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அதே நேரத்தில் அந்த அடியான், அதாவது என் வீட்டுக்காரர் ஞானமுத்து, டோல்கேட் பக்கம் ஒரு சாக்குக் கிடங்கில், அடுக்கி வைத்த கோணிகளின் மேல் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்தத் தொடரைப் படிக்கிற ஓர் அம்மாள் போன வாரம் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணுக்கு இவ்வளவு வாய்த்துடுக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரத்தையும் படித்துவிட்டு மொத்தமாகத் திட்டிவிடுங்கள்.

ஏழாம் நாள்

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். வருஷம் சரியாக நினைவில்லை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த காலம் என்றால் என் வயசுக்காரர்களுக்குப் புரியும். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை.

ராயபுரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரு கூடம், அதை ஒட்டி ஓர் அறை, பின்னால் அடுப்படி. அறைக்கு இரண்டு கதவு. ஒன்று கூடத்துப் பக்கம், இன்னொன்று கொல்லைப் பக்கம். கொல்லையைத் தாண்டினால் பின்சந்து. இந்த இரண்டு கதவையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நான் செய்த திருட்டுத்தனம் விளங்காது.

அவர் துறைமுகத்தில் கிரேன் டிரைவர். இரும்பு ஏணியில் ஏறி, மேலே ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மூட்டைகளைத் தூக்கித் தூக்கி வைக்கிற வேலை. அந்த வருஷம் வெளிநாட்டுக் கோதுமைக் கப்பல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. ஊரெல்லாம் பசி. கப்பலைக் காக்க வைக்கக்கூடாது என்று இரண்டு ஷிப்டையும் ஒரே ஆள் பார்க்கிற நாட்கள் நிறைய.

சரி, அது ஆறு நாள். ஏழாம் நாள்?

ஆண்டவர் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். அதைச் சொல்லிக்கொடுக்க ஏழாம் நாள் விடியற்காலையில் அவசர அவசரமாக எழுந்து ஓடுகிறவர் என் வீட்டுக்காரர். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயரே ஓய்வுநாள் பாடசாலை. அதற்கு அவர்தான் தலைமை. அது முடிந்தால் ஆராதனையில் காணிக்கைத் தட்டு. பிறகு சபைக் கமிட்டி. மூன்று மணிக்கு வாலிபர் கூட்டம். சாயங்காலம் கையில் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் வரைக்கும் தெருப் பிரசங்கம். புதன்கிழமை ஜெபக் கூட்டம், வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சி. சபையில் யாராவது செத்துப்போனால் குழி வெட்ட ஆள் பிடிக்கிற பொறுப்பும் அவருடையதுதான்.

முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். யார் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் எங்கள் பெரியப்பா கேட்டதற்கு அப்படித்தான் சொன்னார். அந்த வகையில் எனக்கு லாபம்தான்.

ஒரு சாண்

ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தார். ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. காப்பி கொடுத்தேன். தம்ளர் கையில் நிற்கவில்லை. காப்பி வேட்டியெல்லாம் கொட்டியது. சுட்டிருக்கும், அதற்கும் அவர் அசையவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தார். மூட்டைக் கட்டு ஒன்று கப்பலின் அடித்தட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்ததாம். ஏதோ கோளாறு என்று கீழே இறக்காமல் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்துக்கொண்டிருந்தபோதே ஒரு நொடி கண் சொருகிவிட்டது. கை தானாக நழுவியது. கீழே நான்கு பேர். சத்தம் கேட்டு இவர் கைப்பிடியை இழுத்தபோது கட்டுக்கும் ஒருத்தன் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த ஆள் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கையாட்டினானாம்.

"அவன் திட்டியிருந்தா பரவால்ல எஸ்தர். சிரிச்சான்" என்றார்.

கட்டு நழுவிய அந்த நாளிலிருந்து அவர் கை நடுங்க ஆரம்பித்தது. துறைமுக டாக்டர் நல்ல மனுஷன். மருந்து எதுவும் எழுதவில்லை. பத்து நாள் லீவு கொடுத்து, தூங்கு, சாப்பிடு, மறுபடியும் தூங்கு, வேறு ஒன்றும் செய்யாதே என்று சொல்லி அனுப்பினார். பதினோராம் நாள் வந்து கையை நீட்டிக் காட்ட வேண்டும். நடுக்கம் இருந்தால் இனி கிரேன் ஏற முடியாது. கீழே பெருக்குகிற வேலையோ கயிறு சுற்றுகிற வேலையோ கொடுப்பார்கள்.

பெருக்குகிற வேலைக்கு நான் பயப்படவில்லை. என் பயம் வேறு. டாக்டருக்கு முன்னால் எப்படியாவது பல்லைக் கடித்துக் கையை நிறுத்திக் காட்டிவிட்டு மேலே ஏறிவிடுவாரோ, அடுத்த தடவை அந்த ஒரு சாணும் இல்லாமல் போய்விடுமோ என்றுதான் பயந்தேன். கீழே ஒருத்தன் செத்தால் இவரும் உயிரோடு இருக்கமாட்டார். அது எனக்குத் தெரியும். ஆக, பத்து நாளில் இந்த மனுஷனை நிஜமாகவே தூங்க வைத்தாக வேண்டும்.

துரை மலைக்குப் போன கதை

ஓய்வு என்றால் எனக்குச் சின்ன வயசிலிருந்தே கொஞ்சம் சந்தேகம் உண்டு. என் அப்பா ஒரு மிஷன் துரை வீட்டில் பட்லர். வெயில் ஏறினால் துரையும் துரைசாணியும் மலைக்குப் போய்விடுவார்கள். இரண்டு மாதம் ஓய்வு. வருஷத்தின் தொடக்கத்திலேயே தேதி குறித்து வைத்திருப்பார்கள். ஊழியம் செய்கிறவனுக்கு ஓய்வு அவசியம் என்று துரை பிரசங்கத்திலேயே சொல்வார். அது மெய்தான், அவரும் திரும்பி வரும்போது ஆப்பிள் மாதிரி வருவார்.

அப்பாவும் கூடப் போவார். பெட்டி படுக்கை, பீங்கான், துரைசாணியின் பியானோ ஸ்டூல் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கி, குளிரில் நாலு மணிக்கு எழுந்து வெந்நீர் போட்டு, விருந்தாளிக்கெல்லாம் சமைத்து. துரை ஓய்வெடுக்கிற அந்த இரண்டு மாதம்தான் அப்பாவுக்கு வருஷத்திலேயே அதிக வேலை. திரும்பி வரும்போது காய்ச்சலோடுதான் வருவார். இதே ஓய்வை எங்கள் ஆட்களில் ஒருத்தன் கேட்டால் அதற்குச் சபையில் வேறு பெயர் வைத்திருந்தார்கள், சோம்பல் என்று.

சங்கிலி

வினையை நானேதான் விலை கொடுத்து வாங்கினேன். லீவு நாட்களில் ஓய்வுநாள் பாடசாலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஐயரிடம் சொல்லப் போனேன். ஐயர் முழுவதும் கேட்டார். கண் கலங்கினார். ரொம்ப நல்லவர், அதில் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிக்கை படித்தார். நம்முடைய சகோதரருக்கு டாக்டர் பூரண ஓய்வு சொல்லியிருக்கிறார், அந்த ஓய்வு அவருக்குக் கிடைக்கும்படி சபையார் அனைவரும் அவர் வீட்டிலே சங்கிலி ஜெபம் செய்வோம் என்றார்.

சங்கிலி ஜெபம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணி விடாமல் ஜெபம் ஓட வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் மணிக்கு நாலைந்து பேர். ஒரு குழு எழும்பும்போது அடுத்த குழு முழங்காலில் நிற்கும். ஐயர் கையெழுத்திலேயே அட்டவணை எழுதி எங்கள் சபைக் கோயில் கதவில் ஒட்டினார்கள். பத்து நாளுக்கு ஓர் இடம் காலியில்லை. என் வீட்டுக்காரர்மேல் சபைக்கு அவ்வளவு பிரியம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவு தட்டினார்கள். அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். 'நீங்க படுங்க பிரதர்' என்றார்கள். ஐயர் நிற்கிறார், பெண்கள் நிற்கிறார்கள், காலை நீட்டிப் படுக்க முடியுமா? அவரும் முழங்கால் போட்டார். ஒரு பாட்டு, ஒரு பகுதி வாசிப்பு, ஆளுக்கு ஒரு ஜெபம். முடிந்ததும் என்னதான் நடந்தது பிரதர் என்று கேட்பார்கள். இவர் அந்த மூட்டைக் கட்டின் கதையைச் சொல்வார். ஏழு மணிக்கு அடுத்த குழு. மறுபடியும் பாட்டு, மறுபடியும் கதை. அன்றைக்கு மட்டும் அந்த ஒரு சாண் கதையைப் பதிமூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் கையைக் காற்றில் தூக்கி இவ்வளவுதான் இருந்தது என்று காட்டும்போது விரல்கள் தனித்தனியாக ஆடின.

ஜெபத்தை வேண்டாம் என்று சொல்லக் கிறிஸ்தவனுக்கு வாய் வருமா? அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பவும் மனசு வரவில்லை. நான் அடுப்பை அணைக்கவே இல்லை.

புகையில் நின்றுகொண்டு, ஏழாம் நாள் ஓய்ந்திரு என்கிற நாலாம் கட்டளையை அப்போதுதான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஓய்ந்திருக்க வேண்டியவர்களின் பட்டியலில் மகன் உண்டு, மகள் உண்டு, வேலைக்காரன் வேலைக்காரி உண்டு, மாடுகூட உண்டு. பெண்டாட்டி இல்லை. ஐயரிடமே கேட்டேன். 'நீயும் உன் மகனும்' என்று தொடங்குகிறதே, பெண்டாட்டி அந்த 'நீ' என்பதிலேயே சேர்த்திதான் என்றார். சரி என்று காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருக்குச் சோற்றைப் பிசைந்து நானே ஊட்ட வேண்டியிருந்தது. முதல் நாள் இருந்ததைவிடக் கை மோசம்.

காதர் பாயின் வண்டி

பக்கத்து வீட்டுக் காதர் பாய் சாக்கு வியாபாரி. பழைய கோணிகளை வாங்கித் தைத்து விற்பார். இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் கொல்லைப்பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா தங்கச்சி, வூட்ல கல்யாணமா மௌத்தா? வந்துகினே கீறாங்க, போய்கினே கீறாங்க. ஒண்ணியும் புரியல." மௌத் என்றால் அவர்கள் பேச்சில் சாவு.

சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. டோல்கேட் பக்கம் தன் கிடங்கு இருக்கிறது, மத்தியானத் தொழுகை முடிந்ததும் தானும் வேலையாட்களும் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டுப் படுக்கிற வழக்கம், மற்ற நேரமும் பின்பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்றார். விடியற்காலையில் அவரை என் வண்டியில் அனுப்பு, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறேன் என்றார்.

என் வீட்டுக்காரர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. நமக்காக ஜெபிக்க வருகிறவர்களை ஏமாற்றுவதா என்றார். நான் அவர் கையைப் பிடித்து அவர் கண்ணுக்கு முன்னாலேயே நீட்டிக் காட்டினேன். அப்புறம் 'ஆகட்டும்' என்றார்.

புதன்கிழமை முதல் குழு வருவதற்கு முன்னால் கொல்லைக் கதவு வழியாக அவரை வெளியே அனுப்பினேன். காதர் பாயின் ஒற்றை மாட்டு வண்டியில் காலிச் சாக்குகளுக்கு நடுவே படுக்க வைத்து மேலே நாலு கோணியைப் போட்டு மூடினோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சபை ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடுமே. வண்டி டோல்கேட் போய்ச் சேர்வதற்குள்ளேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார் என்று பாய் பிற்பாடு சொன்னார். முதல் நாள் தூசியில் தும்மலாம், இரண்டாம் நாள் அதுவும் இல்லையாம். சாப்பாட்டுக்கு எழுப்பினால் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிடுவாராம்.

கூடத்தில் நடந்தது

இங்கே நான் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அவர் தூங்குகிறார், பாட்டு கூடாது, கதை கேட்கக்கூடாது, மௌன ஜெபம் மட்டும்தான் என்று வாசலிலேயே உத்தரவு போட்டேன். ஐயருக்குப் பாட்டில்லாத ஜெபத்தில் அவ்வளவு திருப்தியில்லை. ஆனாலும் டாக்டர் சொல்லை மீற முடியுமா? தன் முறை வரும்போது மட்டும் குசுகுசுவென்று ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வார். நான் தொடக்கத்தில் சொன்னது அப்படி ஒரு வேளைதான்.

பொய் சொல்வதும் ஒரு உத்தியோகம்தான். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஏழு வரை ஒரு காதைக் கதவிலேயே வைத்திருக்க வேண்டும். நடுநடுவே நானே உள்ளே போய், கட்டில் கிரீச்சிடும்படி உட்கார்ந்து, இரண்டு தரம் இருமிவிட்டு வருவேன். அப்புறம் காப்பி.

மத்தியானம் ஒரு மணிக் குழுவில் ராக்கேல் அக்கா வருவார். துறைமுகக் கரிக்கிடங்கில் கூடை சுமக்கிறவர். இடைவேளையில் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடி வருவார். காது மடலிலும் கழுத்து மடிப்பிலும் கரி அப்படியே இருக்கும். வியாழக்கிழமை காப்பி கொண்டுபோனபோது பார்த்தேன். முழங்காலில் நின்றபடியே பெஞ்சின் மேல் தலையைச் சாய்த்திருந்தார். இவ்வளவு உருக்கமான ஜெபமா என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனால் மெல்லிய குறட்டை.

எழுப்பவில்லை. காப்பியை மூடி வைத்தேன். இரண்டு மணிக்கு அவரே திடுக்கென்று எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஸ்தோத்திரம் தங்கச்சி என்று சொல்லிவிட்டு ஓடினார். தினமும் அப்படித்தான். மற்ற குழுக்களை நான் கவனிக்கவில்லை. அடுப்படியிலும் கதவடியிலுமாக என் பாடு எனக்குப் பெரும் பாடாக இருந்தது.

காகிதம்

பதினோராம் நாள் காலை துறைமுக வாசலில் நின்றேன். மனைவிமார் யாரும் அங்கே வந்து நிற்கிற வழக்கமில்லை. வாட்ச்மேன் இரண்டு தடவை யார் வேணும் என்று கேட்டான். கரித்தூளும் உப்புக் காற்றுமாக முகத்தில் அடித்தது. எட்டு நாளும் வாய் மட்டும்தான் ஆமென் சொல்லியிருந்தது. அன்றைக்கு அந்தச் சுவரோரம் நின்றுகொண்டு நிஜமாகவே ஜெபித்தேன். இவருக்குக் கை நடுங்கினால் மேலே ஏற்றாதேயும் ஆண்டவரே, நடுங்காவிட்டால் ஏற்றும் என்று வேண்டிக்கொண்டேன்.

வெளியே வந்தார். கையை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு காகிதத்தை விரித்து வைத்தாராம் டாக்டர். காகிதம் அசையவில்லையாம்.

"ஏறச் சொல்லிட்டாரு" என்றார்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் சோடா வாங்கி வரட்டுமா என்று கேட்டான்.

சாட்சி

கதை இத்துடன் முடிந்திருந்தால் எனக்கு நல்லது. சங்கிலி ஜெபத்தின் வெற்றி சபையெல்லாம் பரவிவிட்டது. வருகிற ஞாயிறு ஆராதனையில் ஞானமுத்து சாட்சி சொல்ல வேண்டும் என்று ஐயர் ஆள் அனுப்பினார். கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்த சாமுவேல் நெஞ்சுவலியில் படுத்திருந்தார். அடுத்த சங்கிலி அவர் வீட்டில்.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது கெஞ்சினேன். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், அதிகம் பேச வேண்டாம், கதவடியில் உட்கார்ந்து பொய் சொன்னவள் நான், நாளைக்கு அந்தப் பெண்களின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றேன். அவர் இன்னொரு காலையும் கழுவி முடித்தார்.

"சாமுவேலும் என்னிய மாதிரியே சட்ட போட்டுகினு எழுந்திரிப்பான் எஸ்தர்" என்றார். "அவனுக்கு நெஞ்சு."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? சொன்னேன்தான், நிறையச் சொன்னேன். அதெல்லாம் எழுதுகிற மாதிரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் பெஞ்சில், பெண்கள் பாயில். ஐயர் சந்தோஷத்தில் இருந்தார். கதவுக்கு வெளியே நின்று ஜெபித்ததற்கே இவ்வளவு பலன் என்றால், இந்த முறை சாமுவேலின் கட்டிலை நடுக்கூடத்தில் போட்டுச் சுற்றி நின்று ஜெபிப்போம் என்றார். சாமுவேலின் மனைவி நன்றியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"எட்டு நாளு நான் வூட்லயே இல்ல ஐயரே. தப்பு என்னுது. காதர் பாய் கெடங்குல போயி படுத்துகினேன். உங்க முன்னால படுக்க எனக்கு முடியல. மொத ரெண்டு நாளு நீங்கல்லாம் எங்கிட்டவே இருந்தீங்க, கை மோசமாச்சு. அப்பறம் தூரமா இருந்தீங்க, நல்லாச்சு. சாமுவேல தூங்க வுடுங்க. ஜெபத்த அவங்கவங்க வூட்லேர்ந்து பண்ணுங்க. ஆண்டவருக்குக் கேக்கும்."

உட்கார்ந்துவிட்டார். என் பெயரையே எடுக்கவில்லை. ஆனாலும் பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் என்மேல் திரும்பியது. ஐயரின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. எட்டு நாள் நாங்கள் காலி அறைக்கா ஜெபித்தோம் என்று கேட்டார். மெல்லத்தான் கேட்டார், அதுதான் இன்னும் வலித்தது.

அப்போது பின்பாயிலிருந்து ராக்கேல் அக்கா எழுந்து நின்றார்.

"நான் மட்டும் இன்னா யோக்கியமா ஐயரே. முட்டி போட்டேன், அப்டியே தூங்கிட்டேன். எட்டு நாளும். சும்மா படுத்தா மாமியா வுடுவாளா? ஜெபத்துக்குப் போறேன்னா ஒண்ணியும் பேசமாட்டா. கரி தூக்க வந்ததுலேர்ந்து பகல்ல கண்ண மூடினது அந்த எட்டு நாளுதான். சங்கிலிய நிறுத்திடாதீங்க."

ஐயர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது உண்டா என்று கேட்டார். திட்டுவதற்குத்தான் கேட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முதலில் ஆண்கள் பக்கம் மணியடிக்கிற கோயில்பிள்ளை கையைத் தூக்கினார். அப்புறம் ஒரு தையற்காரர். அப்புறம் பெண்கள் பக்கம் ஒன்று, இரண்டு, ஐந்து, எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தலை குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது கோயிலில் பாதிக் கை மேலே இருந்தது. கடைசியாக முன்பாயில் ஐயரம்மா, ஐயரின் மனைவி. அவர் முழுக்கத் தூக்கவில்லை. தோள் உயரத்துக்கு, விரல் மட்டும் தெரிகிற மாதிரி.

ஐயர் அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தார். அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு அறிக்கை வாசிக்கிற குரலிலேயே சொன்னார். இன்று மத்தியானம் சபையில் எந்தக் கூட்டமும் இல்லை. சாமுவேல் வீட்டுக்கு யாரும் போக வேண்டாம். நாளையிலிருந்து தினம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை கோயில் கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வரலாம், பாட்டு கிடையாது. அப்புறம் ஏதோ சொல்ல வந்தவர், அதை விட்டுவிட்டுக் கடைசிப் பாட்டின் எண்ணைச் சொன்னார்.

பெண்கள் என்னைத் திட்டவில்லை. வாசலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். அதுதான் எனக்கு ஆகவில்லை. எட்டு நாளும் அந்தக் கூடத்தில் பாதிச் சபை தூங்கியிருக்கிறது, கிடங்கில் இவர் தூங்கியிருக்கிறார். கோயிலில் ஐயர் கேட்டபோது, ஒரு நாளும் கண் மூடாத என் கை மடியிலேயே கிடந்தது. என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பி அதைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அரிசி களையப் பானையை எடுத்தேன். அவர் வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"போயி படு."

சோறு யார் வடிப்பது என்றேன். நான் வடிக்கிறேன் என்றார். உங்களுக்கு வடிக்கத் தெரியாதே என்றேன். தெரியாதுதான், நீ போய்ப் படு என்றார்.

வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்றைக்குத் தெம்பில்லை. போய்ப் படுத்தேன். அடுப்படியில் அவர் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. எதற்கு என்று யோசிப்பதற்குள் தூங்கிவிட்டேன்.